பேர் வெட்டுகிறவர் பதில்கள்: டயலில் இரண்டு கையெழுத்து

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "சர்வாதிகாரிகளுக்கு உலகப் புகழ் பெற்ற கம்பெனிகள் நினைவுப் பொருள் செய்து கொடுப்பது சரியா?" இடமில்லாததால் "சரியில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய. பாதிப் பேர் எனக்குத் திட்டு, மீதிப் பேர் எனக்குப் பாடம். ஆகவே இந்த வாரம் முழுக்க இது ஒன்றுதான். ஜோதிடம், மாடித் தோட்டம் பற்றிக் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு ஷீல்டு, மெடல் கடையில் 38 வருடம் பேர் வெட்டியவன். முதலில் சின்ன உளி, அப்புறம் பேண்டோகிராஃப் மெஷின், கடைசி இரண்டு வருடம் லேசர். நான் சொல்வதெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்த பார்வைதான்.

*கடைக்கு யார் வந்தாலும் வாடிக்கையாளர்தானே? சுவிட்சர்லாந்துக்காரன் வடகொரியாவுக்குக் கடிகாரம் விற்றால் என்ன தப்பு? அரிசிக்கடைக்காரர் அரிசி வாங்க வருகிறவரின் ஜாதகத்தையா பார்க்கிறார்? — ஒரு மளிகைக் கடைக்காரர், திருநெல்வேலி*

அரிசி விற்கலாம் அண்ணாச்சி. கடிகாரமும் விற்கலாம். யாரோ ஒரு கொடுங்கோலன் கடைக்கு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கடிகாரத்தைக் காட்டி, காசு கொடுத்து வாங்கிப் போனால் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வடகொரியாவில் நடந்தது வேறு. 1972-ல் அந்த நாட்டின் தலைவர் கிம் இல் சுங்குக்கு 60 வயது. நமக்கு மணிவிழா மாதிரி, கொரியாக்காரர்களுக்கும் 60 பெரிய விசேஷம். அந்தக் காலத்திலிருந்து அவர் கையெழுத்துப் போட்ட ஒமேகா கடிகாரங்கள் பரிசாகக் கொடுக்கப்பட்டன. டயலில் கம்பெனியின் பேர் இருக்கிறது. அதே டயலில் சிவப்பு எழுத்தில் தலைவரின் கையெழுத்தும் இருக்கிறது. இது கண்ணாடிப் பெட்டியில் இருந்த சரக்கு இல்லை, ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்ன சரக்கு.

எங்கள் கடை வழக்கத்தைச் சொல்கிறேன். ஷீல்டின் முகப்பில் கொடுப்பவர் பேர் வரும், வாங்குபவர் பேர் வரும். கடைப் பேர் பின்னால், அடிக்கட்டையில், நகம் அகல ஸ்டிக்கராக இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை, முதலாளியும் பார்க்கச் சொன்னதில்லை. எங்கள் கடைப் பேருக்கு மதிப்பு கிடையாது. பித்தளைக்குத்தான் மதிப்பு. ஒமேகா போன்றவர்கள் விற்பதே தங்கள் பேரைத்தான். உள்ளே இருக்கிற பல்சக்கரம் எவ்வளவு பெறும் என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்தப் பேரைத் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைக்கத்தானே ஒருவர் அத்தனை தூரத்திலிருந்து ஆர்டர் கொடுக்கிறார்? "பொருளை மட்டும்தான் விற்றோம்" என்று அப்புறம் சொன்னால் எப்படி?

இன்னொன்று. அந்தக் கடிகாரத்தை அந்த ஊரில் காசு கொடுத்து வாங்க முடியாது, மேலே இருந்து தரவேண்டும். யார் கையில் அது இருக்கிறதோ அவர் தலைவருக்கு வேண்டியவர். கையைப் பார்த்தே பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அப்படி ஒரு கடிகாரம் மணி காட்டுவதற்கு மேலும் வேலை செய்கிறது.

2006-ல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் வடகொரியாவுக்கு ஆடம்பரப் பொருள்கள் விற்கத் தடை போட்டது. இப்போது சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. அதற்கு முன்னால் இருந்த முப்பது சொச்ச வருடத்துக்கு மனசாட்சிதான் சட்டம்.

வியாபாரி என்பதால் உங்களுக்கு ஒரு கொசுறு. அதே 1970-களில் வடகொரியா ஸ்வீடனிடம் ஆயிரம் வோல்வோ கார் வாங்கியது. இன்றுவரை காசு வரவில்லை. ஸ்வீடன் அரசின் ஏற்றுமதிக் கடன் அலுவலகம் வருடா வருடம் நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 'கடன் அன்பை முறிக்கும்' போர்டை யாராவது அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கலாம்.

*என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இந்தோசீனாவுக்கு, அதாவது வியட்நாம் பக்கம், போனவர். "அங்கே சண்டை போட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய் ஒருத்தன் பின்னால் சக்கரவர்த்தி ஆகி, பாரிஸிலிருந்து கிரீடம் வரவழைத்தான்" என்று அடிக்கடி சொல்வார். வீட்டில் யாரும் நம்பியதில்லை. நிஜமா? — ஒரு வாசகி, புதுச்சேரி*

நிஜம் அம்மா. பெரியப்பா இருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

அவர் பேர் ழான் பெடல் பொக்காசா. 1939-ல் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், இந்தோசீனாவில் சண்டை போட்டு மெடல்கள் வாங்கினார். 1966 புத்தாண்டு இரவில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ஆட்சியைப் பிடித்தார். பத்து வருடம் ஜனாதிபதியாக இருந்தும் போதவில்லை. 1976 டிசம்பரில் குடியரசைப் பேரரசு ஆக்கி, 1977 டிசம்பர் 4-ம் தேதி தலைநகர் பாங்கியில் ஒரு விளையாட்டரங்கத்தில் முடிசூட்டு விழா வைத்தார். விளையாட்டரங்கத்துக்கும் பொக்காசா பேர்தான். நெப்போலியன் 1804-ல் செய்த மாதிரியே தன் கையாலேயே கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

கிரீடம் செய்தவர்கள் பாரிஸின் ஆர்த்துஸ்-பெர்த்ரான். 1803-லிருந்து நடக்கிற கம்பெனி. மெடல், விருதுச் சின்னம், பதக்கம் இவைதான் அவர்களுடைய பிழைப்பு. அதாவது என் ஜாதி, தொழில் ஜாதி! நான் பித்தளையில் செய்ததை அவர்கள் தங்கத்தில் செய்தார்கள். பட்டாபிஷேக அங்கியில் பாரிஸ் பூவேலைக்காரர்கள் முத்தும் பாசியுமாக லட்சக்கணக்கில் கோத்திருந்தார்கள். சிம்மாசனம் ஓர் ஆளைவிட உயரமான கழுகு. இறக்கையை விரித்து நிற்கும், அதன் வயிற்றுக்குள் பொக்காசா உட்கார்ந்துகொள்ள வேண்டும். செய்தவர் ஒலிவியே பிரிஸ் என்ற பிரெஞ்சுச் சிற்பி, எடை சுமார் 2 டன். ரதம் இழுக்கக் குதிரைகள் நார்மண்டியிலிருந்து வந்தன. குளிர் தேசத்துக் குதிரைகள் அந்த வெயிலில் என்ன பாடு பட்டிருக்கும் என்று பாருங்கள். மொத்தச் செலவு சுமார் 2 கோடி டாலர். அந்த நாட்டின் ஆண்டு பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு வரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி பிரான்ஸ் கொடுத்த உதவிப் பணம். பிரான்ஸிலிருந்து உதவியாகப் போன காசு பிரான்ஸின் கடைகளுக்கே பில்லாகத் திரும்பி வந்தது. இடையில் பாங்கியில் ஒருநாள் வெடி, வாணவேடிக்கை. வரும்படி சொல்லியிருந்த மன்னர்கள் வரவில்லை.

"பாவம், செய்தவர்களுக்கு ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் இருந்திருக்கும்" என்று சமாதானம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல முடியவில்லை. 1972-ல் திருடர்களுக்குக் காதை அறுக்கும் தண்டனையை அவர் கொண்டுவந்தார். கைதிகளைப் பொது இடத்தில் சாகும்வரை அடித்த செய்தி வந்து, ஐ.நா. பொதுச்செயலாளர் கர்ட் வால்ட்ஹைமே கண்டனம் தெரிவித்தார். முடிசூட்டு விழாவுக்கு ஐந்து மாதம் முன்னால், 1977 ஜூலையில், ஏ.பி. செய்தி நிறுவனத்தின் நிருபர் மைக்கேல் கோல்ட்ஸ்மித்தைப் பிடித்து வந்து, பொக்காசா தன் கைத்தடியாலேயே அடித்து ஜெயிலில் போட்டார். அந்தச் சமயத்தில் பாரிஸில் கிரீடம் வேலை மேஜையில் இருந்திருக்கும். அளவு எடுத்து, மாதிரி காட்டி, ஒப்புதல் வாங்கி, கல் பதித்து என்று பல மாத வேலை அது. எனக்குத் தெரியும், ஒரு சாதாரண சுழற்கோப்பைக்கே மூன்று தடவை ஆள் அனுப்புவார்கள்.

மிச்சக் கதை இன்னும் மோசம். 1979 ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். எதற்கு? யூனிஃபார்முக்கு. பொக்காசா படம் போட்ட யூனிஃபார்மைத்தான் போடவேண்டும், அதைச் சக்கரவர்த்தி குடும்பத்தாரின் கம்பெனியில்தான் வாங்கவேண்டும் என்று உத்தரவு. விலை ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஏப்ரலில் பிள்ளைகளைப் பிடித்து ஙரக்பா சிறையில் அடைத்தார்கள். சுமார் 100 பிள்ளைகள் செத்தார்கள். ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு வெளியே சொன்னது. ஆப்பிரிக்க நாடுகளின் நீதிபதிகள் வந்து விசாரித்து, உண்மைதான், பொக்காசாவுக்கும் இதில் பங்கு உண்டு என்றார்கள். செப்டம்பரில் அவர் லிபியாவில் இருந்த நேரம் பார்த்து பிரெஞ்சுப் படையே போய் அவர் ஆட்சியை முடித்துவைத்தது.

கிரீடம் செய்தவர்களுக்கும் அந்தச் சிறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிள்ளைகளை அடித்தவர்கள் அவர்கள் இல்லை. ஆனால் ஒரு ராணுவ அதிகாரி தன்னைச் சக்கரவர்த்தி என்று சொல்லிக்கொண்டால் ஊர் சிரிக்கும். பாரிஸ் கிரீடத்தோடு உட்கார்ந்தால் சிரிக்கக் கொஞ்சம் யோசிக்கும். அந்த யோசனையைத்தான் அவர் விலைக்கு வாங்கினார். தங்கக் கிரீடத்தில் தொடங்கிய ஆசை, பிள்ளைகளின் சட்டைப் பையில் தன் படத்தைப் பதிக்கிற வரை போனது.

அவர் வாங்கியதோடு கொடுக்கவும் செய்தார். பிரெஞ்சு ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தேனுக்கு அவர் வைரம் பரிசளித்த கதையை 1979 அக்டோபரில் ஒரு பாரிஸ் பத்திரிகை போட்டு உடைத்தது. 1981 தேர்தலில் ஜிஸ்கார் தோற்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று.

*ஈரான் மன்னர் ஷா 1971-ல் கொண்டாடியது பாரசீகத்தின் 2,500 ஆண்டுப் பெருமையை. அதற்குத் தட்டும் கோப்பையும் செய்தவர்களையும் இதே பட்டியலில் சேர்ப்பது நியாயமா? — ஒரு வரலாற்று ஆசிரியை, ஈரோடு*

டீச்சர், பாதி ஒத்துக்கொள்கிறேன். ஷாவைப் பொக்காசாவோடு சேர்த்து எழுதினால் ஷாவுக்கு அநியாயம்தான். பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸின் பெருமையும் பொய்யில்லை.

ஆனால் அந்த மேஜையை ஒருமுறை பாருங்கள். பழைய பாரசீகத் தலைநகர் பெர்ஸபோலிஸின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில், வெட்டவெளியில், 50 கூடாரங்கள். வடிவமைத்தது பாரிஸின் ஜான்சன் நிறுவனம். சமையல் பாரிஸின் மாக்ஸிம்ஸ் உணவகம். தட்டு லிமோஜ் ஊரின் ஹாவிலாண்ட் பீங்கான், கண்ணாடிக் கோப்பை பக்காரா, அரண்மனை ஆட்களின் சீருடை லான்வான், எல்லாம் பிரெஞ்சுக் கம்பெனிகள். காடை முட்டைக்குள் வைத்த கேவியர் என்ற மீன் முட்டை ஈரானுடையது, மயிலைச் சமைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சுமார் 600 விருந்தினர், ஐந்தரை மணி நேரச் சாப்பாடு. நம் ஜனாதிபதி வி.வி. கிரியும் போயிருந்தார். எத்தியோப்பியாவின் ஹைலே செலாசி, யூகோஸ்லாவியாவின் டிட்டோ, ருமேனியாவின் செளஷெஸ்கு என்று பெரிய கூட்டம்.

வெள்ளிப் பட்டறையும், கம்பளத் தறியும், நீல ஓடும் ஈரானில் இல்லாததா? இஸ்பஹான் தட்டாரின் கையில் இல்லாத நகாசா லிமோஜில் இருக்கிறது? 2,500 வருடப் பெருமைக்கு ஒரு தட்டுகூட உள்ளூரில் அகப்படவில்லை என்பது எனக்குத் தொழில்காரனாக வலிக்கிற இடம்.

தட்டில் பொறித்த சின்னத்தைப் பற்றியும் ஒன்று. அதில் இருந்தது பஹ்லவி அரச குடும்பத்தின் சின்னம். ஷாவின் அப்பா ரேஸா கான் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்தவர். அவர் அரியணை ஏறியது 1925-ல். ஆக 2,500 வருட விழாவுக்கு 46 வருடக் குடும்பத்தின் முத்திரை. எங்கள் கடையிலும் இப்படி வருவார்கள்: பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு விழா ஷீல்டு என்பார்கள், நன்கொடையாளர் படம் பெரிதாக வேண்டும் என்பார்கள், பள்ளிக்கூடத்தின் பேரைக் கீழே சின்னதாகப் போட்டால் போதும் என்பார்கள். அங்கேயும் அந்த வேலைதான் நடந்தது. அந்த வருடங்களில் சவாக் என்ற ரகசியப் போலீஸ் ஆட்களைப் பிடித்துச் சித்திரவதை செய்துகொண்டும் இருந்தது. நாடு கடத்தப்பட்டு இராக்கின் நஜஃப் நகரில் இருந்த மதத்தலைவர் கொமேனி, இந்த விழாவைத் திட்டித்தான் ஆள் சேர்த்தார். ஏழு வருடம் கழித்து, 1979 ஜனவரியில், ஷா நாட்டை விட்டு விமானம் ஏறினார்.

கூடாரத்தின் துணி போய்விட்டது. இரும்புச் சட்டங்கள் மட்டும் பெர்ஸபோலிஸில் இன்னும் நிற்கின்றன. கல்யாணம் முடிந்து பந்தல்காரன் பிரிக்க வராத மாதிரி.

தட்டு செய்தவர்கள் குற்றவாளிகளா? டீச்சர், அந்தச் சொல் எனக்கு வரவில்லை. ஆர்டர் புத்தகத்தைத் திறந்தபோது ஒரு நிமிடம் பேனா நின்றிருக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன்.

*ஹிட்லர் படையின் கறுப்பு யூனிஃபார்மை வடிவமைத்தவர் ஹியூகோ பாஸ் என்கிறார்களே? அந்தச் சட்டையை இப்போது போடலாமா? — ஒரு ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்*

வடிவமைத்தவர் அவர் இல்லை. கார்ல் டீபிட்ஷ், வால்டர் ஹெக் என்ற இருவர் செய்த வடிவம் அது. பாஸ் தைத்தார். மெட்ஸிங்கன் ஊரில் 1924-ல் கம்பெனி தொடங்கியவர், 1931-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே. போர்க்காலத்தில் சுமார் 140 பேரைக் கட்டாய வேலை வாங்கினார், பெரும்பாலும் பெண்கள். அதற்கு மேல் 40 பிரெஞ்சுப் போர்க்கைதிகள். இந்தக் கணக்கு கம்பெனியே பணம் கொடுத்து ஒரு வரலாற்றாசிரியரை எழுதவைத்த ஆய்வில் இருக்கிறது. 2011-ல் அது வந்தபோது கம்பெனி வருத்தம் தெரிவித்தது. போர் முடிந்து 66 வருடம் கழித்து என்பதையும் கவனியுங்கள். சட்டையைப் போடுங்கள். தைத்தவர் 1948-லேயே போய்விட்டார்.

*நம் நாட்டில் இப்படி எதுவும் நடக்கவில்லையா? — மூன்று ஊர்களிலிருந்து மூன்று பேர்*

சர்வாதிகாரிக்கு இல்லை, காந்திக்கு நடந்தது! 2009-ல் மான்ட்பிளாங்க் கம்பெனி காந்தி பேனா என்று ஒன்றை விட்டது. தண்டி யாத்திரையின் 241 மைலுக்கு 241 பேனா. மூடியைச் சுற்றித் தங்கக் கம்பி, நூற்ற நூல் மாதிரி. நிப்பில் கைத்தடியோடு நடக்கிற காந்தி. விலை 11 லட்சத்துக்கும் மேல். கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. தேசியச் சின்னங்களையும் பெயர்களையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற 1950-ம் வருடச் சட்டத்தைக் காட்டினார்கள். விற்பனை நின்றது. நிப் வேலை என்னவோ பிரமாதம், பொறாமையாக இருந்தது.

*முதலாளி ஆர்டர் எடுக்கிறார். ஊசி பிடிக்கிறவர், உளி பிடிக்கிறவர் என்ன செய்வார்? நீங்கள் யாருக்காவது "வெட்ட மாட்டேன்" என்று சொன்னதுண்டா? — ஒரு தையல் தொழிலாளி, திருப்பூர்*

சொன்னதில்லை. இந்தக் கேள்வியைப் பையின் அடியில் தள்ளிவைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

1976. எமர்ஜென்சி. எனக்கு வயது 19, கடையில் சேர்ந்து இரண்டாவது வருடம். ஓர் அரசு அலுவலகத்திலிருந்து மூன்று கோப்பை ஆர்டர் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு அதிகம் பேரைக் கொண்டுவந்தவர்களுக்கு முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு. அந்த நாளில் ஊரெல்லாம் அதே பேச்சுதான். இலக்கு வைத்திருந்தார்கள், யாருக்கெல்லாமோ எத்தனை எத்தனை என்று. முதல் பரிசுக் கோப்பையின் அடிக்கட்டையில் ஒரு பித்தளைத் தகடு. அதில் பேர், கீழே எண்ணிக்கை: 386. நல்ல பூ வேலையோடு வெட்டினேன். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து அந்தக் கோப்பை திரும்பி வந்தது. கொண்டுவந்த பியூன், எண்ணிக்கை மாறிவிட்டது, 412 என்று திருத்தவேண்டும், சாயந்திரம் விழா என்றார். புதுத் தகடு இல்லை. தகட்டைக் கழற்றி, பஃப் மெஷினில் 386-ஐத் தேய்த்து எடுத்தேன். ஆழமாக வெட்டியிருந்ததால் சீக்கிரம் போகவில்லை. தகடு சூடேறி விரல் பொத்துப் போயிற்று. மூன்று போனது, ஆறு போனது, எட்டின் கீழ் வட்டம் மட்டும் லேசாக நின்றது. அதன்மேலேயே புது எண்ணை வெட்டி மறைத்தேன். கூலி ஒன்றரை ரூபாய் தனியாகக் கிடைத்தது.

386-க்கும் 412-க்கும் நடுவில் 26 பேர். நான்கு நாளில் 26 பேர். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. 1976-77-ல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை நடந்தது, அதில் எத்தனையோ பேரைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள் என்பதெல்லாம் பின்னால் எமர்ஜென்சியை விசாரித்த நீதிபதி ஷா கமிஷனின் அறிக்கை பற்றிப் பத்திரிகைகளில் வந்தபோது படித்தேன். அந்த 26 பேரில் யார் தானாக வந்தார், யார் பரிசாகக் கிடைக்கும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு ஆசைப்பட்டு வந்தார், யாரை வண்டியில் ஏற்றினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் முதலாளி பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டிருப்பார், எனக்கு அன்றோடு வேலை போயிருக்கும். வீட்டில் இரண்டு தங்கைகள். அதனால் உளி பிடித்தவனையும் ஊசி பிடித்தவரையும் நான் கேள்வி கேட்க மாட்டேன். பாரிஸில் அந்த அங்கிக்கு முத்துக் கோத்த பெண்களையும் கேட்க மாட்டேன். ஆர்டர் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவரைக் கேட்பேன். "இந்த மாதம் கை நிறைய வேலை, முடியாது" என்று பொய்யாவது சொல்ல அவருக்கு வசதி இருந்தது. எங்கள் முதலாளிக்கே இருந்தது, அது பள்ளிக்கூட விளையாட்டு விழா சீசன். ஒமேகாவுக்கும் ஆர்த்துஸ்-பெர்த்ரானுக்கும் இல்லாமலா போயிற்று?

அப்படிச் சொல்லிவிட்டாலும், அந்த எட்டின் கீழ் வட்டம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

*என் அப்பா மஸ்கட்டில் 14 வருடம் வேலை பார்த்தார். ஊர் திரும்பும்போது அங்கே முதலாளி கொடுத்த சுவிஸ் கைக்கடிகாரம் என்னிடம் இருக்கிறது. டயலில் ஓமன் நாட்டின் குத்துவாள் சின்னம், பின்மூடியில் அரபியில் ஏதோ பொறித்திருக்கிறது. போன மாத பதிலைப் படித்ததிலிருந்து கட்டக் கூச்சமாக இருக்கிறது. பின்மூடியில் உள்ளதை அழித்துவிடலாமா? — ஒரு வாசகர், ராமநாதபுரம்*

என் ஒரு சொல் பதிலால் வந்த வினையைப் பாருங்கள்.

தம்பி, அந்தச் சின்னத்துக்கு 'கஞ்சர்' என்று பேர். இரண்டு வாள் குறுக்கே, நடுவில் வளைந்த குத்துவாள். சுல்தான் காபூஸ் 1970-ல் பிரிட்டிஷ்காரர் துணையோடு தன் அப்பாவையே இறக்கிவிட்டு ஆட்சிக்கு வந்தவர். 2020 ஜனவரியில் சாகும்வரை அவர்தான் எல்லாம், கட்சியே கிடையாது. ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அவர் காலத்தில்தான் வந்தன என்பதை அப்பாவும் சொல்லியிருப்பார். ஓமனின் தெற்கே கலகக்காரர்களோடு நடந்த தோஃபார் சண்டையில் தனக்கு உதவிய பிரிட்டிஷ் வீரர்களுக்கு அவர் அந்தச் சின்னம் பதித்த ரோலக்ஸ் கொடுத்தார். இப்போது ஏலத்தில் சின்னம் உள்ள ரோலக்ஸ், சின்னம் இல்லாததைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. ராஜாவின் முத்திரை விழுந்தால் கடிகாரத்துக்கு விலை ஏறுகிறது. கம்பெனிகள் ஏன் மறுப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கடிகாரத்தில் அந்தக் கணக்கு இல்லை. 14 வருட உழைப்புக்கு ஒரு முதலாளி கொடுத்தது அது. கட்டுங்கள். அரபி எழுத்தை முதலில் யாரிடமாவது படிக்கச் சொல்லுங்கள். சுல்தான் பேர் என்று நீங்கள் நினைப்பது அப்பாவின் பேராகவும் இருக்கலாம், அங்கே பரிசு கொடுக்கும்போது அப்படி வெட்டுவதுண்டு.

அழிக்க மட்டும் கொடுக்காதீர்கள். பஃப் அடித்தால் மூடி மெலியும், ஓரம் தேய்ந்தால் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் போகலாம், மழையில் உள்ளே ஈரம் இறங்கலாம்.